பூட்டில்லா வீட்டிலும் புறத்திண்ணையா?

வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை செல்லும் சாலையில், சவ்வாது மலைத்தொடரை நோக்கி அமைந்த ஊர் கணியம்பாடி. ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும் ஆகுக. கேட்போர் செவியில் முதற்கண் விழுவது 'கணியம்' என்னும் செந்தமிழ்ச் சொல்லே. காலத்தையும் கோள்நிலையையும் கணித்தவனைக் கணியன் என்றழைத்தனர் பண்டைத் தமிழர். பூங்குன்றனார் பெயர்க்கு முன் அச்சொல் நிற்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 'கணி' என்னும் அவ்வேரினின்றே இக்காலத் தமிழர் 'கணினி' என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டனர். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதுவதற்கென 2012ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மின்னிதழும் 'கணியம்' என்றே பெயர் பூண்டது.

ஆக, வேருண்டு, சொல்லுண்டு, பெயருண்டு. கணினிக்குள் தமிழுண்டா?

கணியம்பாடி ஒன்றியத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணினிமுன் அமர்கின்றாள் என்று வைத்துக்கொள்க. மலையடிச் சிற்றூரிலிருந்து பேருந்தேறி வருபவள். வீட்டில் அவள் பேசுவது தமிழ். வகுப்பில் அவள் கற்பது தமிழ்வழி. கணினியைத் திறந்த அந்நொடியே அவள் தாய்மொழி, வாயிலில் கழற்றிய செருப்பைப் போல் வெளியே விடப்படுகின்றது. திரையிலுள்ள கட்டளைகள் யாவும் ஆங்கிலம். "அறிவுக் கருவிக்குத் தமிழ் ஆகாது போலும்" என்று யாரும் சொல்லாமலே அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றாள். எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் அது. எந்தத் தேர்வும் இல்லாமலே அப்பாடம் உள்ளத்தில் ஏறிவிடுகின்றது. அடிமைத்தனத்தின் அரிச்சுவடி இப்படித்தான் தொடங்கும்!

முதற்பார்வை

இனி, அதே கணினியில் புதிய இலினக்சு இயங்குதளம் ஒன்றை நிறுவிப் பார்க்க. தெபியன், உபுண்டு முதலியவற்றின் புதிய பதிப்புகள் நிறுவத் தொடங்கியதும் கேட்கும் முதல் வினா, "எம்மொழி வேண்டும்?" என்பதே. அப்பட்டியலில் தமிழ் தன் எழுத்திலேயே எழுந்து நிற்கின்றது. கேட்கும் முறையிலேயே ஒரு மதிப்பு உண்டு. கணினி இங்கே பயன்படுத்துவாரின் மொழிக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ள அணியமாக இருக்கின்றது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரு நாட்டுக்கும் உரிய அமைவுகளும் தனித்தனியே உள்ளன.

எழுத்தும் இன்று உடையாமல் வருகின்றது. இருபதாண்டுகளுக்கு முன்னர் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதறி, இடையே புள்ளிவட்டம் ஒன்று பல்லிளிக்கும். அந்நிலை நீங்கிவிட்டது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாய் எழுந்த 'தமிழ்99' விசைப்பலகையும் இவ்வியங்குதளங்களில் இடம்பெற்றுள்ளது. உயிரெழுத்துகள் ஒருபுறம், மெய்யெழுத்துகள் மறுபுறம். ககரத்தை இருமுறை அடித்தால் முதற்ககரத்தின் தலையில் புள்ளி தானே ஏறும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ஙகரம் தானே மெய்யாகும். தமிழின் இயல்பறிந்தோர் வகுத்த அமைப்பு என்பது விரல் வைத்த மறுநொடியே விளங்கும். தேவநாகரிக்கென வகுத்ததைத் தமிழ்மேல் போர்த்திய 'இன்சிகிரிப்டு' பலகையும் அதே பட்டியலில் தமிழ் என்னும் பெயரோடு நிற்கும். தமிழர் விழிப்போடு தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இவ்வளவும் மகிழ்ச்சிக்குரியன. ஆனால் வீட்டின் உள்ளே இன்னும் நான்கடி நடந்து பார்க்க. முதற்பட்டியில் 'கோப்பு' இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஆங்கிலம் இருக்கும். முகப்பில் தமிழ் வணக்கம் கூறும். அமைப்புப் பகுதிக்குள் சென்றால் பாதி வரி தமிழும் பாதி வரி ஆங்கிலமுமாய் மணலும் அரிசியும் கலந்த சோறாய்க் கிடக்கும். ஒரு மென்பொருளில் 'கணினி', மற்றொன்றில் 'கணிப்பொறி'. ஒன்றில் 'கோப்புறை', வேறொன்றில் 'அடைவு'. 'கோப்பைத் திற' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'கோப்பை திற'. ஒற்றெழுத்தை உண்டுவிட்டபின் அது கோப்பைத் திறப்பதா, குடிக்கும் கோப்பையைத் திறப்பதா என்று மாணவர் மயங்கமாட்டாரா? ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று தேடியலையும் வரிகளும் உள.

வீட்டுக்குப் பூட்டில்லை, கதவும் அடைக்கப்படவில்லை. இருந்தும் தமிழ் புறத்திண்ணையிலேயே அமர்ந்திருக்கின்றது. ஏன்?

பூட்டிய வீடும் பூட்டில்லா வீடும்

அமெரிக்க நாட்டு அறிஞர் இரிச்சார்டு இசுட்டால்மன் 1983இல் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். எவரும் தாம் விரும்பியவாறு இயக்கவும், உள்ளமைப்பை ஆராய்ந்து மாற்றவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், திருத்திய வடிவைப் பரப்பவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்குவதே அவர் நோக்கம். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்ட்சு, இயங்குதளத்தின் கருவாய் நிற்கும் 'இலினக்சு' என்னும் நிரலை வெளியிட்டார். இரண்டும் இணைந்தன. உலகெங்கணுமுள்ள வல்லுநரும் தொண்டரும் சேர்ந்து வளர்த்தனர். அதன் நிரல் எவர்க்கும் மறைக்கப்படுவதில்லை.

தமிழர்க்கு இதில் என்ன? எல்லாமும் இதில்தான்!

பூட்டிய மென்பொருளில் ஒரு சொல் பிழையென்று தமிழறிஞர் கண்டால் என் செய்ய முடியும்? மடல் எழுதலாம், காத்திருக்கலாம். திருத்துவதும் திருத்தாமல் விடுவதும் உரிமையாளன் விருப்பம். விண்டோசுக்கும் 2000த்திற்குப் பின் தமிழ் இடைமுகப் பொதி வந்ததுண்டு. ஆனால் அதைத் தந்தது விற்பவன் கணக்கு. சந்தைக்கு ஆகுமாயின் தருவான், ஆகாதாயின் நிறுத்துவான். வாடகை வீட்டுச் சுவரில் ஆணியடிக்கவும் இசைவு கேட்கும் நிலை அது. கட்டற்ற மென்பொருளிலோ எவர் கதவையும் தட்ட வேண்டுவதில்லை. பிழையான சொல்லைத் தமிழாசிரியர் ஒருவர் இன்றிரவு திருத்தி அனுப்பலாம். குழுவினர் ஏற்றபின் அடுத்த பதிப்பில் அது உலகமுழுதும் உள்ள தமிழர் திரையில் தோன்றும். யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் கணியம்பாடியிலும் அதே சொல் நிற்கும்.

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தமிழிளைஞர் சிலர் 'தமிழ் இலினக்சு' என்று கூடி, பணிமேடையின் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினர். கூலி கேட்டாரல்லர், பட்டம் கேட்டாரல்லர். பகலெல்லாம் பிழைப்புக்கு உழைத்து, இரவில் மொழிக்கு உழைத்தனர். இன்று முகப்பில் தமிழ் நிற்கின்றதெனின் அத்தகையோர் இட்ட உரமே அது. அவர்கள் தோளிலிருந்து சுமையை வாங்கிக்கொள்ளக் கோடிக்கணக்கான தமிழருள் போதிய கைகள் நீளவில்லை. உள்ளறைகள் ஆங்கிலமாய்க் கிடப்பதற்குக் கரணியம் இதுவே. பூட்டிய வீட்டில் தமிழ் நுழையாவிடின் பழி பூட்டியவனுக்கு. பூட்டில்லா வீட்டில் நுழையாவிடின் பழி யாருக்கு?

சென்னையில் பிறந்த பிள்ளைக்குப் பத்துப் பெயர், ஒன்றும் தமிழன்று

உயர்கணிப்பு வளர்ச்சி நடுவமாகிய 'சி-டாக்கு' என்னும் நடுவணரசு நிறுவனம், தெபியனை அடிப்படையாகக் கொண்டு ஓர் இயங்குதளத்தை ஆக்கியுள்ளது. பாரத இயங்குதளத் தீர்வுகள் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கூட்டி அதனைப் 'பாசு' என்கின்றனர். அது உருவானது அந்நிறுவனத்தின் சென்னைக் கிளையில். முதற்பதிப்பு 2007இல் வந்தது. தமிழ் மண்ணில் விளைந்து, தமிழ் உள்ளிட்ட பன்மொழிகளை ஏற்கும் வகையில் அமைந்த அம்முயற்சியைப் பாராட்டாதவர் தமிழர் ஆகார்.

ஆனால் அதன் பதிப்புகளுக்கு இடப்பெற்ற பெயர்களைக் கேண்மின்: தரங்கு, அனந்து, தேசசு, சாவீர், அனோகா, அனூப், திருட்டி, உன்னதி, ஊர்சா, பிரக்யா. பத்துப் பதிப்பு, பத்துப் பெயர், பத்தும் வடபுலத்துப் பெயர்! அலை என்றால் கணினி இயங்காதா? ஒளி என்றால் திரை இருண்டுவிடுமா? நோக்கு, உயர்வு, ஆற்றல், அறிவு என்னும் சொற்களுக்கு என்ன குறை வந்தது? தமிழுக்கு மட்டுமன்று, தெலுங்கிற்கும் கன்னடத்திற்கும் மலையாளத்திற்கும் வங்கத்திற்கும் ஒரு முறையேனும் இடம் தந்தார்களா? படைத்துறைக் கணினிகளுக்கென உபுண்டுவை அடியொற்றி ஆக்கியதாக 2023இல் அறிவிக்கப்பெற்ற தளத்திற்கும் 'மாயா' என்றே பெயர்.

"இது எல்லா மாநிலத்திற்கும் பொது, ஆதலின் பொதுப்பெயர்" என்பார் உளர். வடமொழி எந்நாள் தமிழர்க்குப் பொதுவாயிற்று? இன்னொன்றும் அவர்கள் எண்ணுக. உலகில் பெரிதும் பரவிய இலினக்சு தளங்களுள் ஒன்று உபுண்டு; 2004இல் வெளிவந்தது. 'உபுண்டு' என்பது ஆங்கிலச் சொல்லன்று. தென்னாப்பிரிக்கப் பழங்குடி மக்களின் மொழிகளில் மாந்தநேயத்தைக் குறிக்கும் சொல். அதனைத் தொடங்கிவைத்தவர் தென்னாப்பிரிக்கர். தம் மண்ணின் சொல்லையே பெயராக வைத்தார். இலண்டனும் நியூயார்க்கும் அச்சொல்லை நாவில் ஏற்றன. ஆப்பிரிக்கச் சொல்லை உலகம் ஒலிக்குமாயின், தமிழ்ச்சொல்லைத் தில்லி ஒலித்தலாகாதா?

அச்சே அயலது

பெயர் புறத்தோற்றம். உள்ளே ஆழமான புண்ணும் உண்டு. நடுவணரசு 1988இல் வகுத்த 'இசுக்கி' என்னும் குறியேற்றம் தேவநாகரியை அச்சாகக் கொண்டு ஏனை மொழிகளையும் அவ்வச்சிலேயே வார்த்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி அவ்வழியையே பின்பற்றிற்று. தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களுள் நிரம்பியவை 72. 247 எழுத்துகளுக்குத் தனித்தனி இடமில்லை.

மெய்யின்மேல் உயிர் ஏற உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணம். ஒருங்குறியிலோ அகரமேறிய 'க' முன்னே பிறக்கின்றது. அதன்மேல் புள்ளியை ஒட்டவைத்தால்தான் 'க்' உண்டாகின்றது. பிள்ளை பிறந்தபின் தாய் பிறந்த கதை! வரிசையோ இன்னும் கொடிது. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே கிரந்த எழுத்தொன்று குந்தியுள்ளது. இறுதியில் நிற்க வேண்டிய னகரம் நகரத்தின் பக்கத்தில் நிற்கின்றது. ழகரத்துக்கு முன்னே வரவேண்டிய வகரம் பின்னே போயிற்று. அகரவரிசையை நேர்செய்யத் தனியே விதிகள் வகுக்க வேண்டியதாயிற்று. இக்குறை களையவே, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 'தேசு16' என்னும் குறியேற்றம் எழுந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் உலகக் கணினிகள் ஒருங்குறியிலேயே ஓடுகின்றன.

இதனால் விளையும் படிப்பினை யாது? அச்சு வார்க்கும் அவையில் தமிழர் உரிய நேரத்தில் அமரவில்லை. பிறர் வார்த்தபின் புலம்பியும் பயனில்லை. கட்டற்ற மென்பொருளின் சொற்கள் இப்போதுதான் வார்க்கப்படுகின்றன. இவ்வவையிலும் அமராது விட்டால் இன்னும் முப்பதாண்டு கழித்து மீண்டும் ஒரு புலம்பல் கட்டுரை எழுத நேரும்.

மறுப்பார்க்கு மறுமொழி

"கணினிக்கு ஆங்கிலமே போதும், தமிழில் கற்றால் பிள்ளைகள் பின்தங்குவர்" என்பர் சிலர். அண்டை நாடாகிய கேரளத்தைக் காண்க. 2001இல் பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிய அம்மாநிலம், பின்னர்ப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, மலையாளத்திலும் இயங்கும் தனி இலினக்சு தளத்தையே வழங்கிவருகின்றது. இரண்டு இலக்கத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அதனை நிறுவுவதால் ஏறத்தாழ 3,000 கோடி உருவா மிச்சமாகும் என்று 2019இல் அறிவித்தனர். மலையாளத்தார் பின்தங்கிவிட்டனரா?

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. எல்காட்டு நிறுவனம் 2007ஐ ஒட்டி இலினக்சுக்கு மாறி வழிகாட்டியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாசும் ஒருங்கே இடம்பெற்றன. 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல் விண்டோசோடு உபுண்டுவையும் கற்பிக்கின்றது. ஆனால் தம் மடியிலிருந்த கருவிக்குள் பாசு என ஒன்று உறங்குவதை எத்தனை மாணவர்க்கு ஆசிரியர் எழுப்பிக் காட்டினர்? எழுப்பியவருள்ளும் மொழியைத் தமிழாக மாற்றிக் காட்டியவர் எத்தனை பேர்? கொடுத்ததோடு கடமை முடிந்தது என்பது கோயில் யானைக்குக் கரும்பு கொடுப்பவன் கணக்கு. கல்வி கொடுப்பவன் கணக்கன்று.

"தமிழ்ச்சொற்கள் விளங்கவில்லை" என்பர் வேறு சிலர். கோப்பு, சுட்டி, உலாவி, கடவுச்சொல், விசைப்பலகை, எழுத்துரு. இவற்றுள் எது விளங்கவில்லை? ஆங்கிலத்தில் எலியைக் குறிக்கும் சொல்லால் கைக்கருவியைக் குறித்தபோது முதன்முறை கேட்ட ஆங்கிலனுக்கும் அது விளங்கியிராது. பழகினான், விளங்கிற்று. பயன்படுத்தாத சொல் எம்மொழியிலும் விளங்காது.

"எல்லாம் நன்று, பழைய கணினிகளை வைத்துக்கொண்டு என் செய்வது?" என்பார்க்கும் விடையுண்டு. விண்டோசு 10க்குரிய வழக்கமான தாங்குதலை அதன் உரிமையாளர் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டனர். அடுத்த பதிப்போ புதிய வன்பொருள் கேட்கின்றது. நன்றாய் இயங்கும் கணினிகள் பலவும் குப்பைக்குச் செல்லும் நிலை. அக்கணினிகளில் எளிய இலினக்சு தளத்தை நிறுவினால் இன்னும் சில்லாண்டு உழைக்கும். உரிமக் கட்டணமும் இல்லை. பொருளும் மிஞ்சும், தமிழும் நுழையும். மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கணினிக்கு உயிர் கொடுக்க ஒரு விரல்நீளச் சேமிப்பியும் ஒருநாள் உழைப்பும் போதும்.

செயல்

இனிச் செய்ய வேண்டுவன யாவை? 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவல்மொழியாக்கிற்று. அலுவலகக் கோப்பு இன்று கணினிக்குள் புகுந்துவிட்டது. ஆகவே கணினியின் முகமும் தமிழாதல் வேண்டும். அரசு வழங்கும் ஒவ்வொரு கணினியும் திறந்தவுடன் தமிழில் தோன்றுமாறு அமைத்தே தரப்படல் வேண்டும். ஆங்கிலம் வேண்டுவோர் மாற்றிக்கொள்ளட்டும். தமிழ்99 பலகையே முதற்பலகையாதல் வேண்டும். அரசின் அகரமுதலி இயக்ககம் திரட்டிவரும் கலைச்சொற்கள் மென்பொருளாக்குவார் கைக்கு நேரே செல்லல் வேண்டும். தமிழ்த்துறைகள் தோறும் ஆய்வேட்டுக்கு ஈடாக மென்பொருள் தமிழாக்கத்தையும் ஏற்றல் வேண்டும். யாப்பிலக்கணம் கற்றவர் கட்டளை வரியொன்றைச் செம்மையாக எழுதினால் அதுவும் இலக்கணத் தொண்டே. பாசின் பதினோராம் பதிப்பு சென்னையில் உருவாகுமாயின் அதற்குத் தமிழ்ப்பெயர் இடக் கோருவதும் தமிழர் கடமை.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட செயல் ஒன்றுண்டு. அதற்கு ஆணை வேண்டா, பொருள் வேண்டா, மாநாடு வேண்டா. "எம்மொழி?" என்று கருவி கேட்கும்போது தமிழைத் தொடுதல். அவ்வளவே! மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டு வீடு சென்று ஆங்கிலத்தைத் தொடும் விரல், தன் முழக்கத்தைத் தானே அழிக்கின்றது. ஆள்வோரில்லாத மொழியைக் கருவி செய்வோர் எண்ணார். தமிழைத் தொடுவார் தொகை பெருகினால் உள்ளறை ஆங்கிலம் பொறுக்கமாட்டாமல் தாமே திருத்தப் புகுவாரும் பெருகுவர்.

கணியம்பாடி மாணவி நாளையும் கணினிமுன் அமர்வாள். அவள் ஆசிரியர் அதற்குள் அரைமணி நேரம் செலவிட்டு மொழியை மாற்றிவைத்திருந்தால், திரையில் அவள் காண்பது தன் தாய் பேசும் மொழி. பாதி வரி ஆங்கிலமாய் இருப்பினும் அவள் கேட்பாள்: "ஐயா, இந்த வரி மட்டும் ஏன் தமிழில் இல்லை?" ஆசிரியர் சொல்லட்டும்: "அதை எழுத வேண்டியவள் நீதான், அம்மா."

அவ்வொரு விடைக்காகவே கதவு திறந்து கிடக்கின்றது. தமிழரே, திண்ணையை விட்டு எழுமின்! வீட்டினுள் புகுமின்!